ராகலை லயங்களும் ஒரு பற்றரியின் ஆயுளும்

மலையகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோப்பியையும் தேயிலையையும் எழுதுவர், பற்றரியை எழுதுவதில்லை. ஆயினும் ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோர் அதனை மறந்திருக்க மாட்டார்கள்.

1982இல் ரூபவாஹினி தனது ஒளிபரப்பை ஆரம்பித்த பின்னர், மின்சாரம் எட்டாத லயக் காம்பராக்களில் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கியது கார் பற்றரியே. அதனைச் சாக்கில் வைத்துத் தலைச்சுமையாக ராகலைக் கடைவீதிக்கு இறக்கி, சார்ஜ் செய்வித்து, மறுநாள் மீண்டும் மலையேறிய மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். லக்சபான நீர்மின் நிலையம் 1950இலேயே இதே மலையகத்தில் இயங்கத் தொடங்கிவிட்டது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

வாங்கிய பற்றரி ஓரிரு ஆண்டுகளில் செத்துவிடும். பழி கடைக்காரர்மேல் விழும். உண்மைக் காரணம் வேறு. 1859இல் பிரான்ஸின் காஸ்தோன் பிளான்தே உருவாக்கிய ஈய அமில மின்கலத்தின் வழிவந்த கார் பற்றரி, இயந்திரத்தை முடுக்கச் சில விநாடிகள் பெருமின்னோட்டம் தருவதற்கென மெல்லிய தகடுகளால் அமைக்கப்பட்டது. அதனை நாள்தோறும் முற்றாக வடித்தால் ஈய சல்பேட் தகடுகளில் இறுகிப் படியும்; கொள்ளளவு குன்றும்.

அந்த ஆண்டுகளில் இதற்கு மாற்று உருவாகிக்கொண்டுதான் இருந்தது. அதில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1985இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் குட்இனஃபுடன் இணைந்தார். அடுத்த ஆண்டு அவருடன் டெக்சாஸ் சென்றார். மின்கலத்தின் நேர்முனையில் இரும்பு ஒக்சைட்டுக்குப் பதிலாக இரும்பு சல்பேட்டைப் பயன்படுத்தினால் மின்னழுத்தம் உயர்கிறது என 1989இல் இருவரும் காட்டினர். அவ்வழியே நடந்து 1997இல் குட்இனஃபின் ஆய்வுகூடம் லித்தியம் இரும்பு பொஸ்பேட்டை அறிமுகப்படுத்தியது. விலை மலிந்த இரும்பு. எளிதில் தீப்பற்றாத தன்மை. ஆயிரக்கணக்கான தடவைகள் சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் நின்றுபிடிக்கும் ஆயுள். குறையொன்றும் இருந்தது: மின்னை நன்கு கடத்தாது. துகள்களை நுண்ணியதாக்கி, காபன் பூச்சிட்டு அக்குறையைத் தீர்த்தனர். பின்னர் உற்பத்தி பெருகி விலை இறங்குவதற்கும் நெடுங்காலம் பிடித்தது.

குட்இனஃப் 2019இல் நோபெல் பரிசு பெற்றபோது, ஸ்டொக்ஹோமில் அவர் சார்பில் நோபெல் உரையை நிகழ்த்தியவர் மந்திரமே.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியது. மின்னிணைப்பு உள்ள வீடுகளும் பற்றரியை நினைத்தன. நீண்ட ஆயுளுள்ள புதிய பற்றரியை ஒவ்வொரு தடவைப் பாவனைக்கும் பங்கிட்டுப் பார்த்தால் ஈயப் பற்றரியைவிட மலிவாகவே முடியும். ஆனால் முழு விலையையும் முதல்நாளே கொடுக்கவேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு அது இயலாது. ஆகவே குறுகிய ஆயுளுள்ளதை வாங்கி, மீண்டும் மீண்டும் வாங்கி, ஈற்றில் கூடுதலாகச் செலவிடுபவரும் அவரே.

இதற்கு வழி நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டதுதான். 1997இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய திட்டத்தின்கீழ், சர்வோதயத்தின் சீட்ஸ் நிறுவனம் கிராம வீடுகளுக்குச் சூரிய மின்தொகுதிகளைத் தவணைக் கடனில் கிடைக்கச் செய்தது. விஞ்ஞானம் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. எஞ்சியிருப்பது அத்தகைய ஒரு தவணைக் கடன்தான். அது லயத்து வாசலுக்கும் வரவேண்டும்.