செல்சுவரும் சிலிக்காவும்: திருவக்கரைக் கல்மரங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செல்சுவர் செல்லுலோசால் ஆனது என்னும் விளக்கம் தாவரங்களுக்குப் பொருந்தும். உயிருலகு முழுமைக்கும் பொருந்தாது. செல்சுவரை அதன் பொருளைக் கொண்டு வரையறுப்பதா, பணியைக் கொண்டு வரையறுப்பதா என்னும் வினாவிற்குச் சங்கராபரணி ஆற்றங்கரையும் பாகூர் வயல்வெளியும் சான்றளிக்கின்றன.

செல்சுவர் ஆய்வின் வளர்ச்சி

1665இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட அறைகள் உயிரற்ற செல்களின் சுவர்களே. அச்சுவர்களின் வேதியியல் பின்னரே தெளிவுற்றது. 1811இல் பிரக்கோனோ காளான்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே இன்று கைட்டின் எனப்படுகிறது. 1838இல் பாயன் தாவரத் திசுக்களிலிருந்து செல்லுலோசைப் பிரித்துக் காட்டினார். பாக்டீரியச் சுவரின் பெப்டிடோகிளைக்கான் இருபதாம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. டயாட்டம் எனப்படும் பாசிகளின் சுவரோ சிலிக்காவால் ஆனது. ஆக, பணி ஒன்றாயினும் பொருள் பலவாகும்.

கல்லான சுவர்கள்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி, திருவக்கரையைக் கடந்து வில்லியனூர் வழியே கடலை நோக்கிச் செல்கிறது. திருவக்கரையில் கடலூர் மணற்கல் அடுக்கில் கிடக்கும் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையவை எனக் கணிக்கப்படுகின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவற்றைப் பதிவு செய்தார். செல் கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஷ்லைடன், 1855இல் புதுச்சேரியை அடுத்த பகுதியின் கல்மரம் ஒன்றிற்குப் 'பியூசி ஷ்மிடியானா' எனப் பெயரிட்டார். 1931இல் பீர்பல் சாஹ்னி அதனை மறு ஆய்வு செய்து 'மெசெம்பிரியாக்சிலான்' பேரினத்தில் சேர்த்தார்.

இவ்வடையாளங்காணல் செல்சுவரால் இயன்றது. மண்ணுள் புதைந்த மரத்தில் நிலத்தடி நீரிலுள்ள சிலிக்கா ஊடுருவிச் செல்சுவர்களில் படிந்தது. சுவரே அச்சாக நின்றது. கரிமப் பொருள் பெரும்பாலும் சிதைந்த பின்னும் செல்களின் அமைப்பு எஞ்சியது. எனவே கல்மரத்தை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் நோக்குவோர் அதன் மரவகையை இன்றும் அறிய இயல்கிறது.

உயிருள்ள சான்று

சிலிக்கா சேர்வதற்கு மரம் மடிய வேண்டுவதில்லை. நெற்பயிர் வேரின் வழியே மண்ணின் சிலிக்காவை ஈர்த்து, இலையிலும் உமியிலும் உள்ள செல்சுவர்களில் படியவைக்கிறது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. புதுச்சேரியின் நெற்களஞ்சியமாகிய பாகூரில் ஒவ்வொரு பருவத்திலும் இது நிகழ்கிறது. இங்குச் சிலிக்கா செல்லுலோசை அகற்றுவதில்லை. அதனுடன் சேர்ந்து சுவரை உறுதிப்படுத்துகிறது. கல்மரத்திலோ அது செல்லுலோசின் இடத்தையே கொள்கிறது.

முடிவுரை

செல்லுலோசு, கைட்டின், பெப்டிடோகிளைக்கான், சிலிக்கா ஆகிய பலவும் செல்சுவராகின்றன. ஆதலின் 'செல்லைச் சூழ்ந்து தாங்கி வடிவளிக்கும் புறவுறை' என்னும் பணிசார் வரையறையே தமிழ்வழி அறிவியல் எழுத்திற்கு ஏற்றது. பொருளை மட்டும் கொண்டு வரையறுத்தால் காளானும் பாக்டீரியமும் அதன் புறத்தே நிற்கும். திருவக்கரைக் கல்லில் எஞ்சியிருப்பது செல்சுவரின் வடிவமே என்பதும் விளங்காது போகும்.