குறிப்பு வாக்குறுதியான வரலாறு: பைத்தான் நிரலகங்களில் வகைக்குறிப்புகள்

ஒரு செயற்கூறு எண்ணை வாங்குகிறதா, சரத்தை வாங்குகிறதா என்று அறிவித்தாக வேண்டிய கட்டாயம் பைத்தானில் என்றுமே இருந்ததில்லை. அந்த மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற நிரலகங்களில் இன்று வகைக்குறிப்புகள் பரவியிருப்பதற்குக் காரணம் கேட்டால், 2014இல் எழுதப்பட்ட பெப் 484 என்னும் முன்மொழிவைத்தான் முதலில் சொல்லத் தோன்றும். மொழியின் வரலாற்றுக்கு அந்த விடை பொருந்தும். நிரலகங்களின் வரலாற்றுக்குப் பொருந்தாது. நிரலகங்களைத் திருப்பியது 2017இல் முன்மொழியப்பட்ட பெப் 561. அது கேட்டதெல்லாம் ஒரு வெற்றுக் கோப்பு. யாரோ எழுதி வைத்த குறிப்பை நிரலக ஆசிரியரின் வாக்குறுதியாக மாற்றியது அந்தக் கோப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் குறிப்புகளுக்குப் பொருளே கிடையாது. 2006இல் எழுதப்பட்ட பெப் 3107, 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 வழியாகச் செயற்கூறுகளின் அருகில் எதையும் குறித்துவைக்க இடம் தந்தது. அங்கே எழுதுவது வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த இடத்தை வகைக்காக உரிமை கொண்டாடியது யூக்கா லெஹ்தோசாலோ உருவாக்கிய மைபை. முதலில் பைத்தானைப் போன்ற தனி மொழியாக வளர்ந்துகொண்டிருந்த அது, பைத்தானை உருவாக்கிய கிடோ வான் ரோசமின் யோசனையை 2013இல் ஏற்று, பைத்தானின் சொந்தத் தொடரியலுக்குள்ளேயே இயங்கும் சரிபார்ப்பானாக மாறியது. அவ்விருவரும் வூகாஷ் லாங்காவும் சேர்ந்து எழுதிய பெப் 484, 2015 செப்டம்பரில் பைத்தான் 3.5உடன் நடைமுறைக்கு வந்தது. பைத்தான் வகை கட்டாயமற்ற மொழியாகவே நீடிக்கும், குறிப்புகளை வழக்கத்தின் பெயரால்கூடக் கட்டாயமாக்கும் எண்ணமில்லை என்று அந்த ஆவணம் தெளிவாகவே கூறியது. முதலில் பெரும்பயன் கண்டது நிறுவனங்களின் உள்நிரல்தான். டிராப்பாக்ஸ் 2019இல் தன் நிரலில் 40 லட்சம் வரிகளை மைபையால் சரிபார்ப்பதாக அறிவித்தது. அங்கே குறிப்பு எழுதுபவரும் அதை நம்புபவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

நிரலகத்தில் நிலைமை வேறு. எழுதுபவர் ஒருவர், நம்புபவர்கள் முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர். ஆரம்பத்தில் இந்த இடைவெளியை நிரப்பியது டைப்ஷெட் என்னும் பொதுத் தொகுப்பு. மூல நிரலைத் தொடாமல், அதன் செயற்கூறுகளின் வகைகளை மட்டும் தனி ஸ்டப் கோப்புகளில் தன்னார்வலர்கள் அங்கே எழுதினார்கள். மைபை அவற்றைத் தன்னுடனேயே சேர்த்து வெளியிட்டது. அரிய உழைப்பு அது. ஆனால் நிரலகம் ஓரிடத்தில் மாற, அதைப் பற்றிய குறிப்பு வேறோரிடத்தில் பழைய நிலையிலேயே தங்கிவிடும். ஸ்டப்பையும் இயங்கும் நிரலையும் ஒப்பிட்டுப் பார்க்கவென்றே ஸ்டப்டெஸ்ட் என்னும் தனிக் கருவி தேவைப்பட்டது இந்த விலகலுக்குச் சான்று. நிரலக ஆசிரியரே குறிப்பு எழுதினாலும் அது பயனரைச் சென்றடைய ஒப்புக்கொண்ட வழி இருக்கவில்லை. பெப் 561 அந்த வழியைத் திறந்தது: தொகுப்புக்குள் ‘பை.டைப்டு’ என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் போதும், சரிபார்ப்பான்கள் அந்நிரலகத்தின் சொந்தக் குறிப்புகளை நம்பத் தொடங்கும். கோப்பில் ஓரெழுத்தும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வைத்த கணமே குறிப்புகள் வெளி இடைமுகத்தின் பகுதியாகிவிடுகின்றன. சரத்தைத் திருப்பித் தந்த செயற்கூறு இனி வெறுமையையும் தரலாம் என்று அடுத்த பதிப்பில் மாற்றினால், அதைச் சார்ந்தவர்களின் சரிபார்ப்பு உடைகிறது. அந்த உடைப்புக்கு ஆசிரியரே பொறுப்பு. எண் கணக்கீட்டு நிரலகமான நம்பை இதே பாதையில் வந்ததுதான். தனிக் களஞ்சியத்தில் இருந்த அதன் ஸ்டப்புகள் மூலத்தோடு சேர்க்கப்பட்டு, 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பில் குறிப்புகள் நிரலகத்துடனேயே வெளியாயின.

குறிப்பு எவ்வளவு கனத்துவிட்டது என்பதை அதே ஆண்டு ஏப்ரலில் எழுந்த சர்ச்சை காட்டியது. இயங்குநேரத்தில் குறிப்புகளைக் கணக்கிடாமல் சரங்களாக மட்டும் வைத்திருக்கும் பெப் 563இன் முறை, பைத்தான் 3.10இல் இயல்பு நிலையாக வேண்டியிருந்தது. சரிபார்ப்பானுக்கு அதனால் இழப்பில்லை. ஆனால் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ ஆகிய நிரலகங்கள் குறிப்புகளை இயங்கும்போதே படித்து, வரும் தரவைச் சோதிக்கின்றன. அவற்றுக்கு அது அடித்தளத்தையே அசைக்கும் மாற்றம். எதிர்ப்பு எழுந்தது, வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் பைத்தானின் வழிநடத்தும் குழு முடிவை நிறுத்திவைத்தது. மாற்றுவழியான பெப் 649, 2025 அக்டோபரில் பைத்தான் 3.14இல்தான் நிறைவேறியது. மொழியை வடிவமைத்தவர்கள் முதன்மையாகக் கருதாத ஒரு பயன்பாடு மொழியின் திட்டத்தையே திருப்பியது. நிரலகங்கள் குறிப்பை வெறும் குறிப்பாக நடத்தவில்லை என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் நான் காணவில்லை.

சோதனைகள் இருக்கும்போது குறிப்புகள் எதற்கு என்பது பழைய மறுப்பு. 2017இல் காவோ, பேர்ட், பார் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வை இதற்கு விடையாகக் காட்டுவதுண்டு: ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் திருத்தப்பட்ட வழுக்களில் 15 சதவீதத்தை வகைச் சரிபார்ப்பு முன்கூட்டியே பிடித்திருக்கும் என்றது அது. பைத்தானுக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவர முடியாது. மீதி 85 சதவீதத்தையும் மறக்கக் கூடாது. ஆகவே நிரலகக் குறிப்புகளின் நியாயத்தை வழு எண்ணிக்கையின் மேல் கட்டுவது பலவீனம் என்றே கருதுகிறேன். நிரலகத்தின் சோதனைகள் அதன் ஆசிரியரைக் காக்கின்றன. அதைத் தவறாக அழைக்கும் பயனரின் நிரலுக்குள் அவை எட்டிப் பார்ப்பதில்லை. குறிப்பு எட்டிப் பார்க்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: ஊதியமின்றி உழைப்பவர்மேல் இன்னொரு சுமை இது. மைபையும் பைரைட் என்னும் மற்றொரு சரிபார்ப்பானும் ஒரே குறிப்பை வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும் இடங்களில் அச்சுமை இரட்டிக்கிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் ஆசிரியர் எழுதாவிட்டால் சுமை மறைவதில்லை, அந்நியர் தோளுக்குப் போகிறது. இணையச் சட்டகமான ஜாங்கோவைப் பாருங்கள்: இயங்கும்போதே உருவாகும் அதன் மாதிரிகளைச் சாதாரணக் குறிப்புகளால் முழுதாக விவரிக்க இயலாது. அதன் குறிப்புகள் ஜாங்கோ-ஸ்டப்ஸ் என்ற வெளித்திட்டத்தில், மைபைக்கான தனிச் செருகு நிரலின் துணையோடு வாழ்கின்றன. வாக்குறுதி தர மறுப்பதும் ஆசிரியரின் உரிமை; பெப் 561 அதையும் விட்டுவைத்திருக்கிறது.

டைப்ஷெட்டின் இன்றைய நிலை இந்தக் கைமாற்றத்தைக் கண்முன் நிறுத்துகிறது. 2021 ஜூனில் வந்த மைபை 0.900 முதல் வெளி நிரலகங்களின் ஸ்டப்புகள் சரிபார்ப்பானுடன் சேர்ந்து வருவதில்லை. தேவைப்படுவோர் ‘டைப்ஸ்’ என்ற முன்னொட்டுள்ள தொகுப்புகளைத் தனியே நிறுவிக்கொள்கிறார்கள். ஒரு நிரலகம் தன் சொந்தக் குறிப்புகளுடன் வெளிவரத் தொடங்கியதும் அதற்கான ஸ்டப் காலாவதியானதாகக் குறிக்கப்பட்டு, சில மாத அவகாசத்துக்குப் பின் நீக்கப்படுகிறது.