ஒரு குரோமோசோமின் மௌனம்

சிறு காயம் பட்டாலும் குருதி நில்லாமல் ஆண்மக்கள் மடிந்ததைக் குர்துபாவின் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (மறைவு 1013) தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஆண்கள் பலியானது ஏன்? குருதி உறைவதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு அது ஒன்றே; பெண்ணுக்கு இரண்டு. ஒன்று பழுதுபட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

அவ்வாறாயின் பெண்ணின் உடலில் அம்மரபணுக்கள் இருமடங்கு வேலை செய்யவேண்டுமே! செய்வதில்லை. 1949இல் கனடாவின் முர்ரே பார், பெண் பூனைகளின் நரம்பணுக்களில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஆண் பூனைகளில் அதைக் காணவில்லை. அது சுருண்டு ஒடுங்கிய எக்ஸ் குரோமோசோமே என்று 1959இல் சுசுமு ஓனோ காட்டினார். சுண்டெலிகளின் திட்டுத்திட்டான மயிர் நிறத்தை ஆராய்ந்த இங்கிலாந்தின் மேரி லயன் அம்மையார், 1961இல் விளக்கம் தந்தார்: கருவின் தொடக்க நாட்களில் ஒவ்வோர் உயிரணுவும் இரண்டில் ஒன்றின் வாயை அடைத்துவிடுகிறது, எதை அடைப்பது என்பது குடவோலை எடுப்பது போன்றது. அதன் வழித்தோன்றல்கள் அத்தேர்வையே பின்பற்றுகின்றன.

வாயை அடைப்பது எது? விடைக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1991இல் கரோலின் பிரவுனும் ஹண்டிங்டன் வில்லார்டும் அவர்தம் குழுவினரும் ‘எக்ஸிஸ்ட்’ என்னும் மரபணுவை அறிவித்தனர். பெரும்பாலான மரபணுக்கள் உறங்கும் குரோமோசோமில் இது விழித்திருந்தது! அதிலிருந்து பிறக்கும் ஆர்.என்.ஏ. இழை ஏறத்தாழ 17,000 எழுத்து நீளம். ஆயினும் புரதம் செய்யும் கட்டளை எதுவும் அதில் இல்லை. ஆர்.என்.ஏ. என்றால் புரதத்துக்கான தூது என்றே பெரிதும் எண்ணியிருந்தோருக்கு, செய்தியில்லாத இத்தூதன் பெரும் புதிராயிற்று. இவ்விழை உட்கருவைவிட்டு வெளியேறுவதே இல்லை. தான் பிறந்த குரோமோசோமையே போர்வைபோல் மூடி, ‘ஸ்பென்’ முதலிய புரதங்களை அங்கே அழைத்து, மரபணுக்களை அடக்குகிறது. இந்த மரபணு சிதைக்கப்பட்ட எக்ஸ் அடங்க மறுப்பதை 1996இல் சுண்டெலிச் சோதனை மெய்ப்பித்தது.

2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டவுன் நோய்க்குறி உடையவரின் உயிரணுக்களில் மிகையான 21ஆம் குரோமோசோமினுள் இம்மரபணுவைப் புகுத்தி, அதனையும் அடக்கினர். இது ஆய்வுக்கூடச் செய்தி. மருந்து வந்துவிட்டதென்று எவரும் கூறினால் நம்பவேண்டா.

குடவோலை எப்போதும் சரிபாதியாக விழுவதில்லை. நல்ல எக்ஸ் மிகுதியாக அடைபட்டால், ‘நோயைச் சுமப்பவள், நோயாளி அல்லள்’ எனப்பட்ட தாய்க்கும் பேறுகாலத்தில் குருதிப்போக்கு மிகும். உறைபொருள் 40 விழுக்காட்டுக்குக் குறைந்த பெண்களையும் நோயுற்றோராகவே வகைப்படுத்துமாறு 2021இல் பன்னாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். தாய்வழி ஆண்களில் இந்நோய் இருந்த குடும்பங்களில், மகனுக்குச் சுன்னத்துக்கு முன்பும் மகளுக்குப் பேறுகாலத்துக்கு முன்பும் குருதியைச் சோதித்துக்கொள்ளலாம்.