'பரையா': விலக்கப்பட்டவர் யார்?

உலக நாடுகள் ஒதுக்கிவைக்கும் நாட்டை ஆங்கில ஏடுகள் 'பரையா ஸ்டேட்' என்கின்றன. 'பரையா' என்றால் விலக்கப்பட்டவர் என்பது அகராதிப் பொருள். அது நம் மண்ணிலிருந்து போன சொல். 'பறையர்' என்ற பெயரை ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டிலேயே தம் குறிப்புகளில் எழுதிவிட்டார்கள். பறை என்னும் கருவியே அதன் வேர் என்கிறது 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி. கருவியின் பெயர் இழிசொல்லானதற்கு ஆங்கிலம் மட்டும் காரணமல்ல. இங்கே சாதி சொன்னதை அது எழுதிக்கொண்டது.

ஆனால் விலக்கியது எதிலிருந்து? நாம் கூடியிருக்கும் காக்களூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். வயலில் உழைத்தவர்கள் நம் முன்னோர். கடனாலும் மிராசு அதிகாரத்தாலும் பண்ணையோடு கட்டப்பட்டவர்கள். குடியிருந்த மனைக்கும் உரிமையற்றவர்கள். ஊரிலிருந்து விலக்கினார்கள், நிலவுரிமையிலிருந்து விலக்கினார்கள். உழைப்பிலிருந்து மட்டும் விலக்கவில்லை. இதைத்தான் அந்தச் சொல் மறைக்கிறது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் கேட்பது அதைத்தான்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' ஏறியது. இழிவைத் திருப்பி நிறுத்தியது ஒன்று, துறந்தது மற்றொன்று. இரண்டும் தன்மானமே.

பெயர் மாறிற்று; நிலம் வந்ததா? இன்று இவ்வூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் இளைஞர்களும் மாணவர்களும் அகராதியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.