தூக்குக் கயிறும் நீதியும்

ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலை நீதிமன்றத்துக்குச் செல்வது முன்னாளில் எளிதாக இருந்ததில்லை. கொட்டியாரக் குடாவைச் சுற்றி, ஆறுகளைத் துறைதோறும் தோணியேறிக் கடக்கவேண்டும். நீதி தொலைவில் உள்ளது என்பதை இம்மண்ணின் மக்கள் கால்நடையாகவே அறிந்திருக்கின்றனர். இவ்வூரிலிருந்து நோக்கும்போது, இலங்கையின் மரணதண்டனை வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

மரணதண்டனையை ஒழிக்கவேண்டுமென 1928இலேயே டி. எஸ். சேனநாயக்கா சட்டநிரூபண சபையில் பிரேரணை கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 1956இல் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு தூக்கிலிடுவதை நிறுத்தியது. 1958இல் மூன்றாண்டுப் பரீட்சையாக அதற்கொரு சட்டமும் இயற்றியது. தனிச் சிங்களச் சட்டத்தால் தமிழ் மக்களின் உரிமையைப் பறித்ததும் இதே அரசுதான். அதனைக் கண்டிக்கும் நாம் இதனை மறைத்தல் முறையாகாது. நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழுவும் ஆராய்ந்து, இடைநிறுத்தம் தொடரவேண்டுமென்றே பரிந்துரைத்தது.

1959 செப்டம்பர் 25ஆம் திகதி பண்டாரநாயக்கா சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்டவனைப் பழிவாங்காது இரக்கம் காட்டுமாறு அவர் மரணப்படுக்கையிலிருந்து நாட்டை வேண்டிக்கொண்டார். அவருடைய வாரிசுகளோ, அவ்வாண்டு முடிவதற்குள் அவருடைய சட்டத்தையே நீக்கினர். அவரைக் கொன்றவரையும் பாதிக்குமாறு புதிய சட்டத்தைப் பின்னோக்கிச் செலுத்தினர். சதி செய்தோருக்கு அச்சட்டம் பொருந்தாதென மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டமையால் அவர்கள் ஆயுட்சிறையோடு தப்பினர். சுட்ட சோமராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். திட்டமிட்டவர் வாழ, ஏவப்பட்டவர் மாண்டார்!

1976க்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் சட்டப்புத்தகத்தில் கயிறு இருந்தே வந்தது. அக்கயிறு நமது மாவட்டத்துக்கு என்ன நீதி தந்தது? 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், ஈச்சிலம்பற்று மக்கள் போருக்கு அஞ்சி வாகரைக்கு ஓடிய நாட்களில், மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். மூதூர்க் கொலைகளுக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் வழக்கின் சந்தேக நபர்கள் 13 பேரும், போதிய சான்று இல்லையென 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் ஒப்பமிட்டதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்திருந்தார். உயர் நீதிமன்றம் அதனை அந்த ஜூலையிலேயே தடுத்து நிறுத்தியது.

கயிற்றைக் காட்டும் அரசியல்வாதிக்குக் கைதட்டல் உடனே கிடைக்கும். நேர்மையான புலன்விசாரணைக்கும், அச்சமின்றிப் பேசக்கூடிய சாட்சிக்கும், எளியவனுக்கு வழக்காடும் சட்டத்தரணிக்கும் வழிசெய்பவனுக்கு அது கிடைப்பதில்லை. எனினும் ஈச்சிலம்பற்றின் தாய்மாருக்கு வேண்டியவை இவையே. குற்றவியல் சீர்திருத்தம் பேச வருவோரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியதும் இவற்றைப் பற்றியே.