விமானத்தின் மூக்கில் ஒரு டாங்கிப் பீரங்கி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிகளில் இருந்த 75 மில்லிமீட்டர் பீரங்கி, சில மாற்றங்களுடன் விமானத்திலும் ஏறியது. அதைச் சுமந்தது பி-25 மிட்செல் எனும் இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானம். பசிபிக் கடலில் ஜப்பானியக் கப்பல்களைத் தாக்குவதே அதன் முக்கிய வேலை.

1942இல் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்த ஏற்பாடு, பி-25ஜி ரகத்தில் 400 விமானங்களுக்கு மேல் பொருத்தப்பட்டது. பீரங்கியின் எடை மட்டும் சுமார் 400 கிலோ. அதற்காக 21 குண்டுகள் ஏற்றிச் செல்லப்பட்டன. தானியங்கி வசதி எதுவும் இல்லை. விமானி குறிபார்த்துச் சுடுவார். பின்னால் இருக்கும் வழிகாட்டி அதிகாரி ஒவ்வொரு குண்டையும் கையால் திணிக்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். ஒருமுறை பாய்ந்து தாக்கும்போது நான்கு குண்டுகள் சுட முடிந்தாலே பெரிது. குறி தவறாமல் இருக்க, விமானம் வளையாமல் நெளியாமல் நேராகப் பறக்க வேண்டும். கப்பலில் இருக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களுக்கு இதைவிட வசதியான இலக்கு கிடைக்காது.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவில் இருந்த பால் கன் என்ற அமெரிக்க அதிகாரி வேறு வழியில் போனார். அவருடைய குடும்பம் அப்போது மணிலாவில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இருந்தது. அவர் பி-25 விமானத்தின் மூக்கிலும் பக்கவாட்டிலும் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கிகள் எட்டைப் பொருத்தினார். கப்பல் தளத்தில் இருப்பவர்களைத் தலைதூக்க விடாமல் சுட்டுக்கொண்டே நெருங்கி, தாழப் பறந்து குண்டு போடுவதுதான் திட்டம். 1943 மார்ச்சில் நடந்த பிஸ்மார்க் கடல் சண்டையில் அது பலித்தது. ஜப்பானியத் துருப்புகளை ஏற்றிச் சென்ற 8 போக்குவரத்துக் கப்பல்களும், காவலுக்கு வந்த 8 நாசகாரிக் கப்பல்களில் நான்கும் மூழ்கின.

அதன் பிறகும் பீரங்கி கைவிடப்படவில்லை. எடை குறைந்த பீரங்கியுடன் பி-25எச் ரகத்தில் 1,000 விமானங்கள் தயாராயின. ஆனால் போர்முனையில் பல படைப்பிரிவுகள் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டன. அடுத்து வந்த பி-25ஜே ரகத்தில் பீரங்கியே இல்லை.

கையால் குண்டு திணிக்கும் சிக்கலைத் தீர்த்தவர்கள் பிரிட்டிஷார். மொஸ்கிட்டோ விமானத்தில் அவர்கள் பொருத்திய 57 மில்லிமீட்டர் பீரங்கி தானாகவே குண்டுகளை நிரப்பிக்கொண்டது. அந்த இயந்திரத்தை வடிவமைத்த மோலின்ஸ் நிறுவனம், சிகரெட் தயாரிக்கும் இயந்திரங்களுக்குப் பெயர் பெற்றது! 1944 மார்ச்சில் பிரான்ஸ் கரையோரம் யு-976 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை இவ்வகை விமானங்கள் மூழ்கடித்தன. எனினும் விரைவில் ராக்கெட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன.

பெரிய பீரங்கி மறுபடி விமானம் ஏறியது வியட்நாம் போரில்தான். மலேசியாவும் சிங்கப்பூரும் பயன்படுத்தும் சி-130 சரக்கு விமானத்தின் போர் வடிவமான ஏசி-130, 105 மில்லிமீட்டர் பீரங்கியைப் பக்கவாட்டில் சுமக்கிறது. நேராகப் பாயாமல் இலக்கை வட்டமிட்டபடியே சுடுகிறது. அதற்கும் குண்டு திணிப்பது மனிதக் கைதான்.