கணிப்பின் சுக்கான்

வானிலையை எண்களால் முன்னறிய முயன்றோருள் ஆங்கிலேயராகிய லூயிஸ் பிறை றிச்சட்சன் முன்னோடி ஆவர். 1922ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு கற்பனை மண்டபத்தை வருணித்தார். உலகப் படம் தீட்டிய சுவர்களையொட்டி 64,000 கணக்கர் அமர்ந்து தத்தம் பகுதியின் வானிலையைக் கணிப்பர். நடுத்தூணின்மேல் அமர்ந்திருக்கும் தலைவர், முந்தியோடும் பகுதிமீது செவ்வொளியையும் பிந்திய பகுதிமீது நீலவொளியையும் பாய்ச்சி, யாவரையும் ஒரே கதியிற் செலுத்துவார். பரந்து நிகழும் கணிப்பைக் கண்ணாற் கண்டு கையால் நடத்தும் கருத்து, மின்னணுக் கணினி தோன்றுமுன்பே இங்ஙனம் உருப்பெற்றுவிட்டது.

கணினி வந்தபின் அத்தலைவருக்கு இடமில்லாது போயிற்று என்பதே வியப்பு. 1950இல் எனியாக் பொறி 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் கொண்டது. பின்னர் வேகம் பன்மடங்கு பெருகிற்று. ஆனால் ஆராய்ச்சியாளர் தரவுகளைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருப்பவராயினர். தொடக்க அளவொன்று தவறாயின், பெரும்பாலும் கணிப்பு முழுதும் முடிந்த பின்னரே அது புலப்படும்.

இக்குறையை 1987இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் ஆதரவில் மக்கோமிக், டிபன்ரி, பிறவுண் ஆகியோர் வெளியிட்ட அறிக்கை வெளிப்படையாக எடுத்துரைத்தது. எண்களைக் காட்சியாக்குவது மட்டும் போதாது. ஓடும் கணிப்பை இடைநடுவில் திருப்பவும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1995இல் சான் டியேகோ மாநாட்டுக்காக வட அமெரிக்காவின் 17 நிலையங்களை இணைத்த ‘ஐ-வே’ வலையமைப்பு, தொலைவிலுள்ள கணினிகளை ஒருங்கே இயக்கலாமெனக் காட்டிற்று.

இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது 2003ஆம் ஆண்டின் ‘ரெறாகைரொயிட்’ முயற்சியாகும். இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரிப் பேராசிரியர் பீற்றர் கொவெனி இதனை முன்னின்று நடத்தினார். எண்ணெய், நீர், சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் ஆகியன கலந்து தாமே முப்பரிமாண வலைபோல் அமையும் விதம் ஆராயப்பட்டது. மிகப் பெரிய கணிப்பில் 100 கோடிக்கு மேற்பட்ட கட்டப்புள்ளிகள் இருந்தன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமுள்ள கணினிகள் இவ்வேலையைப் பகிர்ந்துகொண்டன.

வழிநடத்தும் மென்பொருளின் செயல் எளியது. கணிப்பு சில படிகளுக்கொருமுறை தன் நிலையைக் காட்சிப் பொறிக்கு அனுப்பி, மாற்றக் கட்டளை வந்துளதா என வினவும். வந்திருப்பின் புதிய அளவோடு தொடரும். வலையமைப்பின் குறைகள் எங்கே தோன்றி எங்கே மறைகின்றன என்பதை எண்நிரல்கள் எளிதிற் காட்டா, கண் காணும்.

எனினும் கை வைக்கும் உரிமை ஐயத்துக்கும் இடந்தருவது. விரும்பிய உருவம் வரும்வரை அளவுகளைத் திருப்பியவன் கண்டது இயற்கையையா, தன் விருப்பத்தையா? இம்முயற்சியினர் கணிப்பின் நிலைகளை இடையிடையே சேமித்து, எந்த நிலையிலிருந்து எந்தக் கிளை பிரிந்தது என்பதை மரவடிவிற் பதிவுசெய்தனர். ஐயமுற்ற பிறரும் அக்கிளைக்கே திரும்பிச் சென்று, கணிப்பை மீண்டும் நடத்திப் பார்க்கலாம்.